ரெமோ பெர்னாண்டஸ்: ஒரு தனியிசைப் பாடகரின் தொழில்வாழ்க்கை

ரெமோ பெர்னாண்டஸ் (பிறப்பு: மே 8, 1953) கோவாவைச் சேர்ந்த பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர். ஆங்கிலம், கொங்கணி, இந்தி, போர்த்துகீசிய மொழிகளில் பாடியவர். 1984-ல் தன் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட 'கோவன் கிரேசி' என்னும் இசைத்தொகுப்பு, இந்தியத் தனியிசை வரலாற்றில் முன்னோடி முயற்சிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பாடல் எழுதுவது, மெட்டமைப்பது, கருவிகளை வாசிப்பது, பாடுவது, பதிவு செய்வது, கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒருவரே செய்த முயற்சி அது. 2007-ல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார்.

பவர் பாப், தனியிசை: சொல் விளக்கம்

பவர் பாப் என்பது எளிதில் மனதில் தங்கும் மெட்டு, சேர்ந்திசைக் குரல்கள், அழுத்தமான மின்கிதார், மூன்று அல்லது நான்கு நிமிட நீளம் ஆகியவற்றைக் கொண்ட பாடல் வகை. 1960-களில் பீட்டில்ஸ், தி ஹூ, தி கிங்க்ஸ் ஆகிய பிரிட்டிஷ் குழுக்கள் உருவாக்கிய பாணியிலிருந்து இது வளர்ந்தது. இச்சொல்லை 1967-ல் தி ஹூ குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் பயன்படுத்தினார். 1970-களில் பேட்ஃபிங்கர், ராஸ்பெரீஸ், பிக் ஸ்டார் முதலிய குழுக்கள் இவ்வகையை வளர்த்தன.

தனியிசை (சுயாதீன இசை) என்பது ஓர் இசைப்பாணியின் பெயர் அல்ல. பெரிய இசை நிறுவனத்தின் முதலீடும் கட்டுப்பாடும் இல்லாமல் பாடல் உருவாக்கப்படும் முறையைக் குறிப்பது. பவர் பாப், ஹிப் ஹாப், நாட்டார் இசை என எந்தப் பாணியில் அமைந்த பாடலும் தனியிசையாக இருக்கலாம். தமிழகத்தில் திரைப்படத்தில் இடம்பெறாத பாடல்கள் எல்லாவற்றையும் தனியிசை என்று அழைக்கும் வழக்கம் உள்ளது. இது முழுக்கச் சரியானதல்ல. திரைப்படத்தில் வராத ஒரு பாடலின் உரிமையும் பெருநிறுவனம் ஒன்றிடம் இருக்கலாம்.

ரெமோவின் இசை பவர் பாப் என்னும் வரையறைக்குள் முழுமையாக அடங்குவதல்ல. ராக், பாப் வடிவங்களுடன் கோவாவின் கொங்கணி, போர்த்துகீசிய மெட்டுகளும் இந்திய இசைக்கூறுகளும் அதில் கலந்துள்ளன. ஆனால் கிதாரை அடிப்படையாகக் கொண்டு, தானே எழுதிய பாடல்களைத் தானே பாடி, தானே வெளியிட்ட பாப் கலைஞர் என்ற வகையில் இந்தியாவில் இத்தொழிலின் இயல்பை அறிந்துகொள்ள அவரது வாழ்க்கை தெளிவான சான்றாக உள்ளது.

இளமை, கல்வி

ரெமோ பிறந்தபோது கோவா போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில் இந்தியாவுடன் இணைந்தது. அவரது பூர்வீக ஊர் வடகோவாவின் பர்தேஸ் வட்டத்தில் உள்ள சியோலிம். போர்த்துகீசியப் பாடல்கள், தேவாலய இசை, கொங்கணி மாண்டோ பாடல்கள், இந்தி திரையிசை, வெளிநாட்டிலிருந்து வரும் இசைத்தட்டுகள் எல்லாம் ஒன்றாகப் புழங்கிய சூழலில் வளர்ந்தார். பள்ளிக்காலத்திலேயே நண்பர்களுடன் இசைக்குழு அமைத்துப் பாடினார்.

மும்பையில் கட்டிடக்கலை பயின்றார். அக்காலத்தில் மும்பையின் சாவேஜஸ் என்னும் ராக் குழுவில் இடம்பெற்றார். 1977 முதல் 1980 வரை ஐரோப்பாவிலும் வடஆப்பிரிக்காவிலும் வழிச்செல்லும் வண்டிகளில் ஏறிப் பயணம் செய்து, ஊர்ஊராகப் பாடினார். பின்னர் கோவா திரும்பி சியோலிமில் தங்கி இசையில் ஈடுபட்டார்.

1970-களில் இந்தியாவின் ஆங்கில இசைக்குழுக்களில் பெரும்பாலானவை மேற்கத்தியக் குழுக்களின் பாடல்களை அப்படியே வாசித்தன. ஹோட்டல்களிலும் கல்லூரி விழாக்களிலும் கூடிய ரசிகர்கள் தெரிந்த பாடல்களையே கேட்க விரும்பினர். ஆங்கிலத்தில் இந்தியர் ஒருவர் சொந்தமாக எழுதிய பாடலில் முதலீடு செய்ய இசை நிறுவனங்கள் தயங்கின. திரைப்படப் பாடல்களும் பக்திப் பாடல்களுமே விற்பனைக்கு உறுதி அளித்தன. இந்நிலையில்தான் ரெமோ வீட்டிலேயே பதிவு செய்யும் முடிவுக்கு வந்தார்.

கோவன் கிரேசி (1984)

நான்கு தடப் பதிவு

ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுப்பது தனியொருவருக்குப் பெரும் செலவு. விருத்தாசலம் போன்ற செராமிக் ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சில் பொம்மை வார்ப்பவருக்குச் சொந்தச் சூளை இல்லையென்றால் சுடுவதற்கு இன்னொருவரின் சூளையை நாட வேண்டும். கூலி எவ்வளவு, எந்த நாளில் சுடுவது, எத்தனை பொம்மைகள் என்பவற்றைச் சூளை உடையவர் முடிவு செய்வார். 1980-கள் வரை பாடகருக்கு ஒலிப்பதிவுக் கூடம் அத்தகைய சூளையாக இருந்தது.

1979-ல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்னும் சிறு பதிவுக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள் வீதம் நான்கு தடங்கள் இருக்கும். இக்கருவி நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. நாடா வழக்கத்தைப் போல இருமடங்கு வேகத்தில் ஓடியதால் ஒலித்தரம் கூடியது. ஒரு தடத்தில் தாளம், இன்னொன்றில் கிதார், மூன்றாவதில் பேஸ் கிதார், நான்காவதில் குரல் என ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்ய முடிந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) இத்தகைய கருவியில் வீட்டில் பதிவானது.

நான்கு தடங்களுக்கு மேல் தேவைப்பட்டால் நிரம்பிய மூன்று தடங்களை ஒன்றாகக் கலந்து நான்காவதில் ஏற்றுவார்கள். பிறகு அந்த மூன்று தடங்களும் மீண்டும் காலியாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கலந்துவிட்ட ஒலிகளைப் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நாடாவின் இரைச்சலும் கூடும். ஆகவே எந்தக் கருவி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

ரெமோ இத்தகைய நான்கு தடக் கேசட் கருவியைக் கொண்டு சியோலிம் வீட்டில் 'கோவன் கிரேசி'யைப் பதிவு செய்தார். பாடல்களை எழுதியதுடன் கருவிகளையும் தானே வாசித்து, எல்லாக் குரல்களையும் தானே பாடினார். உறையின் ஓவியத்தையும் தானே வரைந்தார். பாடல்களின் பொருள் அவர் வாழ்ந்த கோவாவே.

விற்பனை

இம்முயற்சி 1984-ல் சாத்தியமானதற்குக் காலமும் ஒரு காரணம். இசைத்தட்டு அச்சிடுவதற்குப் பெரிய ஆலை தேவை. இந்தியாவில் அத்தொழில் நெடுங்காலம் ஹெச்.எம்.வி. என்று அறியப்பட்ட கிராமஃபோன் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது. கேசட்டைச் சிறு முதலீட்டில் பிரதி எடுக்க முடிந்தது. 1980-களின் தொடக்கத்தில் கேசட் பெருகியபோது நாடெங்கும் சிறு வெளியீட்டாளர்கள் தோன்றினர். வட்டார மொழிப் பாடல்கள், நாட்டார் பாடல்கள், பக்திப் பாடல்கள் எனப் பெருநிறுவனங்கள் கவனிக்காத இசை சந்தைக்கு வந்தது.

ஆனால் கேசட்டை உருவாக்குவது பாதி வேலைதான். கடையில் அது இருந்தால்தான் வாங்குவார்கள். விநியோகஸ்தர் எவரும் இல்லாத நிலையில் ரெமோ தன் ஸ்கூட்டரில் கேசட்டுகளை எடுத்துக்கொண்டு கோவாவில் கடைகடையாகச் சென்று கொடுத்தார். இத்தொகுப்பு கோவாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1985-ல் கோவாவின் பழைய பாடல்களைப் புதிய இசையமைப்பில் பாடிய 'ஓல்டு கோவன் கோல்டு' வெளிவந்தது.

நாடறிந்த பாடகர்

1985-ல் ஷியாம் பெனகல் இயக்கிய 'திரிகால்' திரைப்படத்தில் ரெமோ பாடியதுடன் நடிக்கவும் செய்தார். கோவாவின் போர்த்துகீசிய ஆட்சிக்காலத்தைக் களமாகக் கொண்ட படம் அது. 1986-ல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் நடந்த பன்னாட்டுப் பாடல் விழாவில் கலந்துகொண்டு மூன்று விருதுகளைப் பெற்றார்.

அடுத்து வந்த 'பேக் தட் ஸ்மாக்' (1986) ஹெராயின் பழக்கத்துக்கு எதிரான பாடலைத் தலைப்பாகக் கொண்டது. ஸ்மாக் என்பது ஹெராயினுக்கான கொச்சைப்பெயர். 'பாம்பே சிட்டி' (1987) பெருநகர வாழ்க்கையைப் பேசியது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்தியத் தெருக்களையும் அரசியலையும் பாடியது ரெமோவின் தனித்தன்மை. 1992-ல் வெளியான தொகுப்பு ஒன்றுக்கு 'அரசியல்வாதிகளுக்கு ராக் அண்ட் ரோல் தெரியாது' என்னும் பொருளில் ஆங்கிலத் தலைப்பு வைத்தார்.

பிரதமர் ராஜீவ் காந்தி கோவா வந்தபோது அவர் முன்னிலையில் ரெமோ பாடிய பாடல் இத்தன்மைக்கு எடுத்துக்காட்டு. பிரதமரை நேரடியாக விளித்து, நாட்டின் நிலை குறித்த விமர்சனங்களை அப்பாடலில் வைத்தார். உள்ளூர் இதழ் ஒன்று அதைக் கண்டித்தது. ரெமோ அந்தச் செய்தி நறுக்குகளைப் பிரதமருக்கே அனுப்பினார். பாடலைத் தாம் ரசித்ததாக ராஜீவ் காந்தியிடமிருந்து பதில் வந்தது. தன் பாடலை வெளியிடத் தானே போதும் என்ற நிலையில் இருந்த பாடகரால்தான் இவ்வாறு பாட முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

திரைப்படப் பாடல்கள்

1987-ல் பங்கஜ் பராஷர் இயக்கிய 'ஜல்வா' இந்தித் திரைப்படத்தின் தலைப்புப் பாடலைப் பாடினார். அப்பாடல் அவரை நாடு முழுவதும் கொண்டுசென்றது. 1995-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் மணிரத்னம் இயக்கிய 'பம்பாய்' படத்தின் 'ஹம்மா ஹம்மா' பாடலின் இந்தி வடிவத்தை ரெமோ பாடினார். 1998-ல் 'பியார் தோ ஹோனா ஹி தா' படத்தின் தலைப்புப் பாடலை ஜஸ்பிந்தர் நருலாவுடன் பாடினார். அதே ஆண்டு சோனி நிறுவனத்தின் வழியே 'ஓ மேரி முன்னி' என்னும் இந்தி பாப் தொகுப்பு வெளிவந்தது.

இங்கு ஒரு முரண் உள்ளது. இந்தியாவில் ரெமோவை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அவரைத் திரைப்படப் பாடல்கள் வழியாகவே அறிந்தனர். அப்பாடல்களில் அவர் குரல் மட்டுமே தந்தார். மெட்டு இன்னொருவருடையது, வரிகள் வேறொருவருடையவை, ஒலிப்பதிவு நிறுவனத்துடையது. அவர் தன் கையால் உருவாக்கியவை சிறிய வட்டத்திலேயே அறியப்பட்டன. உரிமை இருந்த இடத்தில் பரவல் குறைவு, பரவல் இருந்த இடத்தில் உரிமை இல்லை. தனியிசைக் கலைஞர்கள் பலர் எதிர்கொள்ளும் நிலை இதுவே. ரெமோ இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டார். திரையில் பாடிய காலத்திலும் சொந்தப் பாடல்களை எழுதிக்கொண்டிருந்தார். 2021-ல் அவரது தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது.

ஒப்பீடு: எமிட் ரோட்ஸ், பிக் ஸ்டார்

ரெமோவின் தேர்வைப் புரிந்துகொள்ள அமெரிக்க பவர் பாப் வரலாற்றின் இரு நிகழ்வுகள் உதவும்.

எமிட் ரோட்ஸ் (1950-2020) கலிபோர்னியாவைச் சேர்ந்த பாடகர், பாடலாசிரியர். ரெமோவைப் போலவே எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து, பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் நான்கு தடக் கருவியில் தன் பாடல்களைப் பதிவு செய்தார். 1970-ல் வெளியான அத்தொகுப்பு அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 29-ஆம் இடத்தை எட்டியது. ஆனால் வெளியீட்டுக்காக அவர் ஒப்பமிட்ட ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒரு தொகுப்பு தர வேண்டும் என்றது. ஒருவரே எல்லாவற்றையும் செய்யும் முறையில் அது இயலாத வேகம். தாமதமானபோது நிறுவனம் அவர் மீது 2,50,000 டாலர் கோரி வழக்குத் தொடர்ந்தது. உரிமைத்தொகையையும் நிறுத்தியது. 1973-ல் வெளியான தொகுப்புக்குப் பின் அவர் பாடகராக ஒதுங்கி, ஒலிப்பதிவாளராகப் பணியாற்றினார். அடுத்த தொகுப்பு 2016-ல்தான் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 66.

பிக் ஸ்டார் குழுவின் முதல் தொகுப்பு 1972-ல் வெளிவந்தது. விமர்சகர்கள் பாராட்டினர். ஆனால் விநியோகத்தில் ஏற்பட்ட குளறுபடியால் கேட்டு வந்தவர்களுக்குக் கடைகளில் இசைத்தட்டு கிடைக்கவில்லை. அக்குழு 1970-களின் நடுப்பகுதியில் கலைந்தது. பின்வந்த பல குழுக்கள் தங்கள் முன்னோடியாக அவர்களைக் குறிப்பிட்டன.

ரோட்ஸிடம் பாடலும் பதிவுக்கருவியும் இருந்தன. காலமும் உரிமையும் நிறுவனத்திடம் இருந்தன. பிக் ஸ்டாரிடம் நல்ல தொகுப்பு இருந்தது. கடைக்குச் செல்லும் வழி இன்னொருவரிடம் இருந்தது. ரெமோ சிறிய அளவிலேனும் மூன்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். கோவா சிறிய மாநிலம், ஸ்கூட்டரில் சுற்றி வரக்கூடிய பரப்பு என்பதும் அவருக்கு உதவியது.

பாடலின் உரிமைகள்

ஒரு பாடலில் மூன்று தனித்தனி உரிமைகள் உள்ளன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இவற்றைப் பிரித்தே கூறுகிறது.

வரிகள்: இலக்கியப் படைப்பாகக் கருதப்படும். உரிமை பாடலாசிரியருடையது.

மெட்டு: இசைப் படைப்பு. உரிமை இசையமைப்பாளருடையது.

ஒலிப்பதிவு: பதிவுக்குப் பொறுப்பேற்றுப் பொருள் செலவிட்ட தயாரிப்பாளருடையது.

வரிகளுக்கும் மெட்டுக்கும் படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். இவை தவிர, பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியே உண்டு. எழுதி, மெட்டமைத்து, சொந்தச் செலவில் பதிவும் செய்தவரிடம் முதல் மூன்று உரிமைகளும் ஒன்றாக இருக்கும். ஆனால் எழுத்து வடிவில் உரிமை மாற்றம் செய்து கையொப்பமிட்டால் இவை பிறரிடம் சென்றுவிடும்.

2012-ல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் படைப்பின் உரிமையை விற்றாலும், அது பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுகளுக்கோ, உரிமைத்தொகை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை அளிக்கலாம். திரையரங்கில் படத்துடன் சேர்த்துப் பாடல் காட்டப்படுவதற்கு இது பொருந்தாது.

தமிழில் தனியிசை

தமிழில் திரைப்படத்துக்கு வெளியே பாப் இசை முதலில் வலுவாக வேரூன்றிய இடம் இலங்கை. அங்கு அது பொப்பிசை, துள்ளிசை என்று அழைக்கப்பட்டது. 1970-களில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோர் புகழ்பெற்றனர். மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழகத்திலும் பரவியது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தமிழ் ஹிப் ஹாப்பில் முக்கியமான தொகுப்பு. தமிழகத்தில் ஆதி, ஜீவா இணைந்த ஹிப்ஹாப் தமிழா குழு இணையம் வழியே புகழ்பெற்று, 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டது. பின்னர் திரையிசைக்குச் சென்றது. ரெமோ சென்ற அதே வழி இது.

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீ, அறிவு பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. தமிழ்த் தனியிசையின் மிகப்பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. 2024-ல், அப்பாடலின் வழியே தங்களுக்கு வருவாய் எதுவும் வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாக அறிவித்தார். கேட்பவர் எண்ணிக்கையும் கலைஞரின் வருவாயும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்வு தமிழ் ரசிகர்களுக்கு உணர்த்தியது.

மதிப்பீடு

1984-ல் தடையாக இருந்தவை பதிவுச் செலவும் விநியோகமும். இன்று கைபேசியிலும் மடிக்கணினியிலும் நான்குக்கு மேற்பட்ட தடங்களில் பதிவு செய்யலாம். சிறு கட்டணத்தில் உலகெங்கும் உள்ள இசைத்தளங்களில் பாடலை ஏற்றலாம். ஸ்கூட்டரில் கடைகடையாகச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் பதிவின் உரிமை யாருடையது, வருவாய் யார் வழியாக வருகிறது, கணக்கை யார் பார்க்க முடியும் என்ற கேள்விகள் மாறவில்லை.

ரெமோ கடைக்காரரிடம் எத்தனை கேசட் கொடுத்தார், எத்தனை விற்றது என்பதை நேரில் கேட்டு அறிய முடிந்தது. இன்றைய பாடகர் அந்தக் கணக்கை இடைநிற்கும் நிறுவனத்திடமிருந்தே பெறுகிறார். எனவே பாடலை வெளியிடும் முன் ஒப்பந்தத்தைப் படிப்பதும், வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றின் உரிமையும் எவரிடம் உள்ளது என்பதை எழுத்தில் உறுதி செய்வதும் பாடல் எழுதுவதற்கு இணையான வேலைகளாகின்றன. தனியிசைக் கலைஞர் என்பவர் தனியாகப் பாடுபவர் அல்ல, தன் பாடலின் கணக்கைத் தானே பார்க்கக்கூடியவர் என்பதை ரெமோ பெர்னாண்டஸின் தொடக்க ஆண்டுகள் காட்டுகின்றன.